லிப்போஃபெக்டமைன் ஆர்என்ஏஐமேக்ஸ்: திருகோணமலை ஆய்வுகூடத்துக்கு வாங்கலாமா?

புற்றுநோய்க் கலத்தில் ஒரு மரபணுவின் வாயை மட்டும் அடைக்க எஸ்ஐஆர்என்ஏ (அந்த மரபணுவின் செய்தியை அழிக்கும் சிறு ஆர்என்ஏத் துண்டு) உள்ளே போகவேண்டும். அதற்கும் கலமென்சவ்வுக்கும் மறை ஏற்றம் என்பதால் தானாக நுழையாது. அதை உள்ளே சேர்க்கும் கொழுப்புத் திரவங்களில் லிப்போஃபெக்டமைன் ஆர்என்ஏஐமேக்ஸ் நம்பி வாங்கக்கூடியது. கலங்களை அதிகம் கொல்லாது. 24 குழித் தட்டில் குழிக்கு 1 மைக்ரோலீற்றர் போதும், ஆக 0.75 மில்லிலீற்றர் போத்தல் ஏறக்குறைய 750 குழிகளுக்குக் காணும்.

சிக்கல் கொழும்பிலிருந்து வரும் வழியில்தான். இது 4 பாகையில் இருக்கவேண்டும், ஆனால் உறையக்கூடாது. ரிஜிபோம் பெட்டிக்குள் உலர்பனியோடு அனுப்பினால் போத்தல் வீண். ஜெல் பை வைத்து, நடுவில் காட்போட் மட்டை கொடுக்கச் சொல்லுங்கள். உலர்ந்த எஸ்ஐஆர்என்ஏ நம்மூர் வெயிலைச் சில நாள் தாங்கும். கரைத்தபின் பங்குபிரித்து -20இல் வையுங்கள். வியர்வையில் ஆர்என்ஏயை வெட்டும் நொதியம் உண்டு, கையுறையை அடிக்கடி மாற்றுங்கள்.

குழிக்கு 6 பைகோமோல் எஸ்ஐஆர்என்ஏயை 100 மைக்ரோலீற்றர் ஒப்டிமெம்மில் (சீரம் குறைந்த கல வளர்ப்பு ஊடகம்; இங்கே சீரம் சேர்க்காமல்) கலந்து, திரவம் 1 மைக்ரோலீற்றர் சேர்த்து, 10 முதல் 20 நிமிடம் விடுங்கள். பிறகு 500 மைக்ரோலீற்றர் ஊடகத்தில் கலங்களை இடுங்கள்; இறுதிச் செறிவு 10 நனோமோலார். பலர் சறுக்கும் இடம் அளவெடுப்பு: 20 மைக்ரோமோலார் கரைசலில் 6 பைகோமோல் என்பது வெறும் 0.3 மைக்ரோலீற்றர், பிப்பெற்றால் அதை ஒழுங்காக எடுப்பது கடினம். 1 மைக்ரோமோலாருக்கு ஐதாக்கி 6 மைக்ரோலீற்றர் எடுங்கள். கலவையில் சீரம் சேரவே கூடாது, அதன் புரதங்கள் கொழுப்பைப் பிடித்துக்கொள்ளும். ஊடகத்தில் நுண்ணுயிர்க்கொல்லியும் வேண்டாம். கொழுப்போடு சேர்ந்து அது கூடுதலாக உள்ளே போய்க் கலங்களைச் சாகடிக்கும்.

மரபணு அடங்கியதா என்று அளக்கும் கியூபிசிஆர் கருவி இல்லாத இடத்துக்கு ஒரு வழி: கலம் பிரியத் தேவையான கேஐஎஃப்11 மரபணுவுக்கான எஸ்ஐஆர்என்ஏயை ஒரு குழியில் போடுங்கள். வேலை செய்திருந்தால் மறுநாள் ஹீலா கலங்கள் (ஆய்வுகூடங்களில் வளர்க்கும் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்க் கலங்கள்) பிரிய முடியாமல் உருண்டையாகித் திரண்டு நிற்பது சாதாரண நுணுக்குக்காட்டியிலேயே தெரியும். எந்த மரபணுவையும் குறிவைக்காத, ஒப்பீட்டுக்கான எஸ்ஐஆர்என்ஏ போட்ட குழியிலும் கலம் சாகிறதென்றால் திரவம் கூடிவிட்டது. ஒரே மரபணுவுக்கு இரு வெவ்வேறு எஸ்ஐஆர்என்ஏ ஒரே விளைவைத் தராவிட்டால் முடிவை நம்பவேண்டாம்.

இது நோயாளிக்கான பொருளல்ல. 2018இல் அமெரிக்காவில் முதலாவதாக அனுமதி பெற்ற எஸ்ஐஆர்என்ஏ மருந்தான பட்டிசிரான் ஈரலைக் குறிவைப்பது, அதுவும் புற்றுநோய்க்கு அல்ல. தட்டில் கலம் செத்ததை வைத்து ‘மருந்து கண்டாச்சு’ என்று போஸ்டர் அடிக்காதீர்கள்.

பிளாஸ்மிட்டை (வளைய வடிவ டிஎன்ஏ) உள்ளே சேர்க்க இதை வாங்கவேண்டாம். ஜுர்கட் போல மிதந்து வளரும் இரத்தப் புற்றுநோய்க் கலங்களுக்கும் காசு வீண். அவற்றுக்கு மின்னதிர்வால் கலமென்சவ்வில் துளையிடும் மின்துளைப்புக் கருவிதான் சரி.