எஸ்எம்பியா, என்எஃப்எஸ்ஸா: நாஸ் பெட்டியில் எதை ஆன் செய்வது?

நாஸ் பெட்டி என்பது வீட்டுக் கணினிகள் எல்லாம் வலையமைப்பு வழியாகப் பகிர்ந்துகொள்ளும் சேமிப்புப் பெட்டி. அதன் அமைப்புப் பக்கத்தைத் திறந்தால் எஸ்எம்பி, என்எஃப்எஸ், ஏஎஃப்பி, எஃப்டிபி, வெப்டேவ், ஐஸ்கஸி என்று, மற்ற கணினிகள் அந்தப் பெட்டியோடு பேசும் நெறிமுறைகளின் ஒரு பட்டாளமே நிற்கும். எதற்கும் இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் ஆன் செய்துவிட்டேன் நான். அது தப்பு என்று பிறகுதான் புரிந்தது.

எல்லோரும் முதலில் கேட்பது வேகத்தைத்தான். 1 ஜிகாபிட் கேபிளில் நொடிக்கு 125 எம்பிக்கு மேல் போக வழியே இல்லை. கைக்கு வருவது 110 சொச்சம். பெரிய வீடியோவை நகலெடுத்தால் எஸ்எம்பி, என்எஃப்எஸ் இரண்டுமே அங்கே வந்து முட்டிக்கொள்ளும். ஆயிரக்கணக்கில் குட்டிக் கோப்புகள் இருந்தால் வித்தியாசம் தெரியலாம். லினக்ஸில் பெரும்பாலும் என்எஃப்எஸ் முந்தும். சரி, நான் கேட்கும் கேள்வி வேறு: உள்ளே வருபவர் யார் என்பதை ஒவ்வொரு நெறிமுறையும் எப்படி முடிவு செய்கிறது?

எஸ்எம்பி ஆளைக் கேட்கும். பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால்தான் கதவு திறக்கும். விண்டோஸ், மேக், லினக்ஸ், கைபேசி என எல்லாவற்றிலும் ஓடும். ஒரே எச்சரிக்கை, முதல் பதிப்பை அணைத்துவிடுங்கள். 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்ட வானாக்ரை தீநிரல் உலகம் முழுக்கப் பரவியது அதிலிருந்த ஓட்டை வழியாகத்தான். மூன்றாம் பதிப்பில் மறையாக்கமும் உண்டு.

1984இல் சன் மைக்ரோசிஸ்டம்ஸ் கொண்டுவந்த என்எஃப்எஸ்ஸின் வழக்கமான அமைப்போ கணினியை நம்பும். அந்த ஐபி முகவரிக்கு அனுமதி இருந்தால் போதும், பயனர் எண் (ஒவ்வொரு பயனருக்கும் லினக்ஸ் தரும் எண்) என்று அந்தக் கணினி எதைச் சொல்கிறதோ அதை அப்படியே ஏற்றுக்கொள்ளும். என் மேசைக் கணினியில் என் எண் 1000, மடிக்கணினியில் 1001. இதில் எழுதிய கோப்பை அதில் திறந்தால் "அனுமதி இல்லை". உரிமையாளர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் மொட்டையாக ஓர் எண். என் கோப்புக்கு நானே அந்நியன்! எரிச்சலை விடுங்கள், ஆபத்து இதன் மறுபக்கத்தில் இருக்கிறது: தன் மடிக்கணினியில் நிர்வாகியாக இருக்கும் எவரும் 1000 என்ற எண்ணில் ஒரு பயனரை உருவாக்கிக்கொண்டு என் கோப்புகளைப் படிக்கலாம். பயனர் யார் என்பதைத் தனி சர்வர் மூலம் உறுதிசெய்யும் கெர்பரோஸ் வைத்தால் இது அடைபடும். ஆனால் நாலு கணினிக்காக அதை நிறுவிப் பராமரிக்க எனக்குப் பொறுமை இல்லை.

ஐஸ்கஸி கோப்பைப் பகிர்வதே இல்லை, வட்டையே தூக்கிக் கொடுத்துவிடும். ஒரு கணினிக்கு மட்டும் என்றால் அருமை. சாதாரணக் கோப்பு முறைமை இருக்கும் அந்த வட்டை இரண்டு கணினிகள் ஒரே நேரத்தில் இணைத்து எழுதினால் தரவு நாசம்.

ஏஎஃப்பியை ஆப்பிளே கைவிட்டுவிட்டது. 2013லிருந்தே மேக்கில் எஸ்எம்பிக்குத்தான் முதலிடம். பழைய எஃப்டிபி கடவுச்சொல்லை வெட்டவெளிச்சமாக அனுப்பும், வேண்டவே வேண்டாம். வெப்டேவ் வெளியிலிருந்து எப்போதாவது ஒரு கோப்பை எடுக்க உதவும், மறையாக்கிய இணைப்பான எச்டிடிபிஎஸ் மேல் ஓடினால் மட்டும்.

இப்போது என் பெட்டியில் மனிதர்கள் தொடும் கோப்புறைகள் எல்லாம் எஸ்எம்பி. காப்புப்பிரதி எடுக்கும் லினக்ஸ் சர்வருக்கு மட்டும் என்எஃப்எஸ், அதுவும் அந்த ஒரே ஐபிக்கு, தனிக் கோப்புறையில். ஒரே கோப்புறையை இரண்டிலும் திறந்து வைத்துப் பார்த்தேன். ஒரே கோப்பில் இருவர் ஒரே நேரத்தில் எழுதாமல் தடுக்க ஒன்று போட்ட பூட்டு மற்றதன் கண்ணில் படவில்லை, ஒரு கணக்குத்தாளின் அரை நாள் வேலை போனது.