ஊட்டிக் குளிருக்கு முட்டை பப்ஸா, சமோசாவா?

மாலையில் சேரிங் கிராஸ் பக்கம் பசித்தால் என் ஓட்டு பப்ஸுக்கு. ஆனால் சூடாக இருக்க வேண்டும். மைதா மாவில் வனஸ்பதி தடவி மடித்து மடித்துத் தேய்ப்பதால், அடுப்பில் மாவின் ஈரம் ஆவியாகி ஒவ்வொரு மடிப்பையும் தூக்கிவிடுகிறது. கடித்தால் பொலபொலவென உதிரும். உள்ளே வெங்காய மசாலா, பாதி முட்டை. 2,200 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர் இது. ஆறினால் வனஸ்பதி உறைந்து மேலண்ணத்தில் ஒட்டும். கண்ணாடிப் பெட்டிக்குள் பல்பு எரிகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

சமோசாவில் உருளைக்கிழங்கு வெகுநேரம் சூட்டைப் பிடித்து வைக்கும். மூடுபனி இறங்கினால் மேல்தோல் நமத்துப்போகும், அவ்வளவுதான். குன்னூர் பஸ்ஸில் பொட்டலமாகக் கொண்டுபோக சமோசாதான் சரி. பப்ஸ் பைக்குள்ளேயே நொறுங்கிவிடும்.