ஆறு வருடம் பேட்டரி ஸ்பிரேயரும் நாலைந்து நாசிலும்: என் அனுபவம்

பெரம்பலூர் பக்கம் மூன்று ஏக்கர், மக்காச்சோளமும் பருத்தியும், கிணற்றில் தண்ணீர் இருந்தால் கொஞ்சம் சின்ன வெங்காயமும். 2019-ல் 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர் வாங்கினேன். டேங்க், பேட்டரி, மோட்டார் பற்றி எல்லோரும் பேசிவிட்டார்கள், நான் முனையில் இருக்கும் அந்தச் சின்ன நாசிலைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

பெட்டியோடு நாலு நாசில் வந்தது. எது எதற்கு என்று ஒரு காகிதத்துண்டு கூட இல்லை. பித்தளையில் பளபளவென்று இருந்ததை மாட்டி, விதைத்த மூன்றாம் நாள் மக்காச்சோளத்துக்கு அட்ரசின் என்ற களைக்கொல்லி அடித்தேன். இருபது நாள் கழித்துப் பார்த்தால் காடு முழுக்க வரி வரியாகக் களை, யாரோ சீப்பால் வாரிவிட்டது போல. மருந்து போலி என்று கடைக்காரரிடம் சண்டைக்கே போய்விட்டேன். பாவம், அவர் மேல் தப்பே இல்லை. நான் மாட்டியது கூம்பு நாசில். அது வளையமாகத்தான் தெளிக்கும், நடுவில் காலி. இலையின் மேலும் கீழும் புகையாகப் படிய வேண்டிய பூச்சிமருந்துக்கும் பூஞ்சாணமருந்துக்கும் அது அருமை. மண்ணில் ஒரே சீராக விழவேண்டிய களைக்கொல்லிக்கு விசிறி நாசில்தான் வேண்டும். படைப்புழுவுக்குக் குருத்துக்குள் அடிக்கும்போது மறுபடி கூம்புக்கு மாறிக்கொள்கிறேன்.

அப்புறம் தனியாக நீல நிற விசிறி நாசில் வாங்கினேன். இந்த நிறம் அழகுக்கு இல்லை, அளவுக்கு. 3 பார் அழுத்தத்தில் மஞ்சள் நிமிடத்துக்கு 800 மில்லி, நீலம் 1,200 மில்லி, சிவப்பு 1,600 மில்லி சுமாராக விடும். என் மெஷினில் நீலம் புதிதாக இருந்தபோது 1,150 வந்தது. பேட்டரி இறங்க இறங்க விசிறி சுருங்குவது கண்ணுக்கே தெரியும், அதனால் களைக்கொல்லி அடிக்கும் நாளில் முழு சார்ஜ் இல்லாமல் காட்டில் இறங்குவதில்லை.

இங்கேதான் எனக்கு உறைத்த விஷயம். நம் ஊரில் மருந்துக் கணக்கே ‘டேங்குக்கு இத்தனை மூடி’ என்பதுதான். ஆனால் ஏக்கருக்கு எத்தனை டேங்க் இறங்கும் என்பதை முடிவு செய்வது நாசிலும் நம் நடையும். நாசில் தேய்ந்து துளை பெரிதானால் ஏழு டேங்க் எட்டாகும், மருந்தும் கூடவே ஒரு பங்கு ஏறும், நாமோ ‘இந்த வருஷம் நல்லா இழுக்குது’ என்று சொல்லிக்கொண்டு அடித்துக்கொண்டே இருப்போம். இப்போது நான் செய்வது இது: 20 அடிக்கு 22 அடி கயிறு கட்டினால் கிட்டத்தட்ட ஒரு சென்ட். டேங்கில் வெறும் தண்ணீரை அளந்து ஊற்றி, வழக்கமான நடையில் அந்த இடத்தை அடித்து முடித்து, மீதியை அளக்கிறேன். எனக்கு ஒரு லிட்டர் செலவாகிறது, அப்படியானால் ஏக்கருக்கு 100 லிட்டர், ஆறேகால் டேங்க். அட்டையில் ஏக்கருக்குச் சொன்ன மருந்தை ஆறேகால் பங்காகப் பிரித்து ஊற்றினால் கணக்கு முடிந்தது. வேலைக்கு வருகிறவர் அடித்தால் அவரையும் ஒரு முறை நடக்கவிட்டுப் பார்க்க வேண்டும், அவர் நடை வேறு.

தேய்மானத்துக்கு ஒரு ஜக்கும் செல்போனும் போதும். ஒரு நிமிடம் ஜக்கில் பிடித்துப் பாருங்கள், புதிதில் வந்ததைவிடப் பத்தில் ஒரு பங்கு கூடிவிட்டால் தூக்கிப் போட்டுவிடலாம். என்னுடையது இரண்டாம் வருடக் கடைசியில் 1,400-ஐத் தொட்டது, பார்வைக்குப் புத்தம் புதிதாகவே இருந்தது! பித்தளை கெட்டி என்று நினைத்திருந்தேன், அதுதான் சீக்கிரம் தேய்கிறது, அதுவும் நனையும் கந்தகம் மாதிரித் தூள் மருந்து அடித்தால் கேட்கவே வேண்டாம். செராமிக் முனை விலை கூடுதல்தான், ஆனால் நாலாவது வருடமாக ஓடுகிறது.

இன்னொரு சோதனை, வெயில் நேரத்தில் சிமெண்ட் களத்தில் தண்ணீர் அடித்துக்கொண்டே நடந்துவிட்டு, அது காய்வதைப் பார்ப்பது. எங்கே கோடாக ஈரம் நிற்கிறதோ அங்கே மருந்தும் கூடுதலாக விழும்.

அடைத்துக்கொண்டால் ஊக்கு, கம்பி எதையும் விடாதீர்கள், ஒரு கீறல் விழுந்தால் விசிறி ஒரு பக்கம் சாய்ந்துவிடும். வாயில் வைத்து ஊதுகிற பழக்கத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், என் மாமா இன்னும் ஊதுகிறார். நான் பழைய டூத்பிரஷ் ஒன்றை டேங்க் பட்டையிலேயே கட்டி வைத்திருக்கிறேன். உள்ளே இருக்கும் சல்லடையைக் கழற்றி எறிந்தால் வேகமாக வரும் என்று சிலர் செய்கிறார்கள், கிணற்றுத் தண்ணீரின் பாசி நேராக முனைக்கு வந்து உட்காரும், அவ்வளவுதான். களைக்கொல்லிக்குத் தனி டேங்க் வைத்துவிட்டேன், 2,4-டி என்ற களைக்கொல்லி அடித்த டேங்கை எத்தனை கழுவினாலும் பருத்திக்குப் பக்கத்தில் கொண்டுபோக எனக்குத் துணிச்சல் இல்லை.

குறை என்றால், பிஸ்டல் கைப்பிடி. வாஷர் மூன்று முறை மாற்றியும் ஒழுகுகிறது, இப்போதைக்குக் கையுறை போட்டுத்தான் ஓட்டுகிறேன்.