மேட்ச் சூப்பர், கிளாஸ் பிரிச்சது மட்டும் சரியில்ல

ஒரு கிளப் நடத்துற எஃப்-கிளாஸ் மேட்ச்சுக்கு (படுத்துக்கிட்டு, ரைஃபிளைத் தாங்கி மேல வச்சு ரொம்ப தூரத்துல இருக்குற இலக்கைச் சுடுற போட்டி) 5க்கு 3 ஸ்டார். ரேஞ்ச், ஸ்கோரிங், சேஃப்டி எல்லாம் பக்கா. ஆனா இதுல இருக்குற ரெண்டு பிரிவு, எஃப்-டிஆரையும் எஃப்-ஓபனையும், ஆள் கம்மின்னு ஒரே லிஸ்ட்ல போட்டு பரிசு குடுத்தது சுத்தமா நியாயமே இல்லங்க. எஃப்-டிஆர்ல .223 ரெமிங்டன் இல்லன்னா .308 வின்செஸ்டர் தோட்டா மட்டும்தான், ரைஃபிள் எடை பைபாடோட (முன்னாடி மாட்டுற ரெண்டு கால் ஸ்டாண்டு) சேத்து 8.25 கிலோ தாண்டக்கூடாது, ஓபன்ல 10 கிலோ வரைக்கும் போலாம், முன்னாடி தரையில ரெஸ்ட் (ரைஃபிளைத் தாங்குற மேடை) வச்சுக்கலாம், காத்து கம்மியா தள்ளுற 7 எம்எம் காலிபரும் போடலாம். 1000 யார்டுல காத்து லேசா திரும்பினாலே .308 குண்டு இலக்குல 8 பாயிண்ட் வளையத்துக்கு ஓடிருது, அதே காத்துல பக்கத்துல ஓபன் ரைஃபிள் 9ல நிக்குது, ரெண்டு பேரும் காத்தை ஒரே மாதிரி தப்பா படிச்சிருந்தாலும் ஸ்கோர் வேற வேற.

ஸ்கில் கிளாஸ், அதாவது திறமைய வச்சு ஆளுங்கள பிரிக்கிறது, இன்னும் மோசம். அமெரிக்க என்ஆர்ஏ (தேசிய ரைஃபிள் சங்கம்) நடத்துற ஹை பவர் ரைஃபிள் போட்டியில சராசரி ஸ்கோர் 97 சதவீதம் வந்தா ஹை மாஸ்டர், 84க்கு கீழன்னா மார்க்ஸ்மேன், ஸ்கோர் ஏற ஏற கிளாஸும் ஏறும். இங்க யாரு எந்த கிளாஸ்னு போட்டிருக்குற கார்டை அப்டேட்டே பண்றதில்ல, அதனால மாஸ்டர் லெவல்ல சுடுறவரு அதுக்கு கீழ இருக்குற ஷார்ப்ஷூட்டர் கிளாஸ் மெடல வாங்கிட்டு போறாரு, நேத்து வந்த பசங்களுக்கு மனசு விட்டுப்போகுது. ஒவ்வொரு மேட்ச் முடிஞ்சதும் சராசரிய திருத்துங்க, ரெண்டே பேர் இருந்தாலும் டிஆருக்கு தனி லிஸ்ட் போடுங்க, மீதி 2 ஸ்டாரையும் சந்தோஷமா குடுக்கிறேன்.