வகுப்பறை நூலகத்துக்கு பிரதம் புக்ஸ், ஸ்டோரிவீவர் எப்படி? குமரிக் கடற்கரையிலிருந்து ஒரு டீச்சரின் விமர்சனம்

ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை பாடம் எடுப்பவர்கள், வகுப்புக்குள்ளேயே ஒரு சின்ன நூலகம் வைக்க நினைத்தால் பிரதம் புக்ஸில் இருந்து தொடங்குங்கள். குளச்சல் பக்கம் உதவிபெறும் தொடக்கப்பள்ளி ஒன்றில் என் வகுப்பில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

2004-ல் தொடங்கிய, லாபநோக்கம் இல்லாத பெங்களூரு பதிப்பகம் இது. அவர்களுடைய ஸ்டோரிவீவர் இணையதளம் 2015-ல் வந்தது. அதில் இருக்கும் கதைகளை யாரும் இலவசமாகப் படிக்கலாம், இறக்கிக்கொள்ளலாம், எழுதியவர் வரைந்தவர் பெயரை விடாமல் போட்டு அச்சடிக்கவும் செய்யலாம், தனியாக யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

இதில் எனக்குப் பெரிதாகப் பட்டது கதைகளை நான்கு நிலைகளாகப் பிரித்திருப்பதுதான். முதல் நிலைக் கதை 250 சொல்லுக்குள் முடிந்துவிடும், பக்கத்துக்கு ஒன்றிரண்டு வரி, மீதி எல்லாம் படம். எழுத்துக்கூட்டிப் படிக்கிற பிள்ளை ஒரு முழுப் புத்தகத்தைத் தானே வாசித்து முடிக்கிறது, முடித்த கையோடு அடுத்ததை எடுக்கிறது, நாம் பின்னால் நின்று வாசி வாசி என்று சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பள்ளி அலமாரிகளில் நிறைந்திருப்பது என்ன? யாரோ நன்கொடையாகக் கொடுத்த தடித்தடித் தொகுதிகள், பொடி எழுத்து, மங்கிய படம். இரண்டாம் வகுப்புப் பிள்ளை முதல் பக்கத்திலேயே மூடி வைத்துவிடும். அதைப் பார்த்து வாசிப்பில் ஆர்வமில்லை என்று நாம் முடிவு கட்டுவது நியாயமே இல்லை. அப்புறம், மூன்றாம் வகுப்புக்கு மூன்றாம் நிலை என்று கணக்குப் போடாதீர்கள். மூன்றாம் வகுப்பில் முதல் நிலைப் புத்தகத்தை ஆசையாக எடுக்கிற பிள்ளைகள் இருப்பார்கள், எடுக்கட்டும், யாரும் தடுக்க வேண்டாம்.

கேரள எல்லையை ஒட்டிய களியக்காவிளை, குழித்துறை பக்கத்து ஆசிரியர்களுக்கு இன்னொரு வசதி இருக்கிறது. பல கதைகள் தமிழிலும் மலையாளத்திலும் கிடைக்கின்றன, வீட்டில் மலையாளம் பேசுகிற பிள்ளைக்கு இரண்டையும் கொடுத்து அனுப்பினால் பாட்டியும் கூட உட்கார்ந்து வாசிப்பார்.

ஸ்டோரிவீவரில் யார் வேண்டுமானாலும் மொழிபெயர்த்து ஏற்றலாம் என்பதால் தமிழ் எல்லாக் கதையிலும் ஒரே சீராக இருக்காது. பிள்ளைகள் கையில் கொடுக்கும் முன் சத்தமாக ஒருதடவை வாசித்துப் பாருங்கள், நமக்கே நாக்கு தடுக்கினால் அந்தக் கதையை ஒதுக்கிவிடலாம், வேறு நிறைய இருக்கிறது. அச்சுப் புத்தகமாகக் கிடைப்பதை வாங்கிவிடுவதே நல்லது, கடையில் பக்கத்துக்குப் பக்கம் கலர் பிரிண்ட் எடுக்கிற செலவுக்குப் பல நேரம் புத்தகமே வாங்கிவிடலாம். செலவைக் குறைக்கிறோம் என்று கறுப்பு வெள்ளையில் மட்டும் எடுக்காதீர்கள், இந்தப் புத்தகங்களில் பாதிக் கதை படத்தில்தான் இருக்கிறது.

நம்ம ஊரில் பெரிய பிரச்சினை காற்று. நடுவில் பின் அடித்த மெல்லிய புத்தகம் எந்தப் பதிப்பகத்துடையதாக இருந்தாலும், உப்புக்காற்றில் பின் துருப்பிடித்து, பழுப்பு பரவி, நடுத்தாள் தனியாகக் கழன்று வந்துவிடும். இதற்கு எங்கள் பள்ளியில் கிடைத்த வழி அருமையானது. வலை பின்னுகிற அப்பாமார் சிலர் வந்து, பின்னை எடுத்துவிட்டு, மூன்று துளை போட்டு வலை நூலாலேயே தைத்துக் கொடுத்தார்கள். அந்தத் தையல் இன்றுவரை அசையவில்லை, அப்பா தைத்த புத்தகம் என்று அதைத் தேடி எடுக்கிற பிள்ளைகளும் உண்டு. ஜூனில் பள்ளி திறக்கும்போதே இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழையும் வந்துவிடும், ஐப்பசியில் அடுத்த மழை, அதனால் ஓதம் ஏறுகிற சுவரில் புத்தகத்தை மாட்டவே கூடாது. வெயில் அடிக்கிற நாளில் எல்லாவற்றையும் வெளியே எடுத்து விரித்து வையுங்கள், பூசணம் பிடித்துவிட்டால் காப்பாற்றுவது கஷ்டம்.

புத்தகங்களைப் போட்டுச் சுவரில் மாட்டுவதற்கு, கருங்கல் ஊரில் ஒரு தையல்காரரிடம் கெட்டித் துணியில் பைகள் தைத்து வாங்கினோம், வெளிப்பக்கம் கண்ணாடித் தாள் வைத்து, அட்டை முழுசாகத் தெரிகிற மாதிரி. முதுகு மட்டும் தெரிய அடுக்கினால் இந்த வயதுப் பிள்ளைகள் தொடவே மாட்டார்கள். பூட்டு கிடையாது. யார் எதைக் கொண்டு போனார்கள் என்கிற நோட்டை மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். கிழியும், சில புத்தகம் திரும்பியும் வராது, சரி, வாசிக்கத்தானே வாங்கினோம்.

அரசுப் பள்ளியில் இருப்பவர்கள், 2023-ல் வந்த, தமிழக அரசின் வாசிப்பு இயக்கப் புத்தகங்களையும் கூடச் சேருங்கள். நுழை, நட, ஓடு, பற என்று அவையும் படிநிலையாகவே இருக்கின்றன, இரண்டும் ஒரே பையில் நன்றாகப் பொருந்தும். ஹெச்.எம். அறை பீரோவில் இருந்தால் கேட்டு வகுப்புக்குக் கொண்டுவாருங்கள்.

என் மதிப்பெண் 5-க்கு 4. ஒரு மதிப்பெண்ணைக் குறைத்ததற்குக் காரணம், வள்ளமும் கரமடியும் (கரையிலிருந்து இழுக்கும் வலை) மீன் ஏலமும் வருகிற, எங்கள் பிள்ளைகள் தங்கள் கரையைப் பார்க்கிற முதல் நிலைக் கதைகள் தமிழில் இன்னும் நிறைய வேண்டும். ஸ்டோரிவீவரில் இருக்கும் படங்களை எடுத்து நாமே கதை எழுத வசதி இருக்கிறது, பிள்ளைகள் சொல்லச் சொல்ல எழுத ஆரம்பித்திருக்கிறோம். புதிதாகத் தொடங்குபவர்கள் 30 புத்தகம் வாங்கினால் 20 முதல் நிலையாகவே இருக்கட்டும், மூன்றாம் நான்காம் நிலையை அடுத்த வருஷம் வாங்கிக்கொள்ளலாம்.