ரேம் சோதனை: விண்டோஸ் கருவியா, மெம்டெஸ்ட்86-ஆ, மெம்டெஸ்ட்86+ஆ?

நீலத் திரையில் 'மெமரி மேனேஜ்மென்ட்' என்று வருகிறது. பெரிய ஜிப் கோப்பைப் பிரித்தால் சிஆர்சி பிழை (கோப்பின் தரவு சிதைந்திருக்கிறது என்ற எச்சரிக்கை) காட்டுகிறது. பிரவுசர் டேப்கள் காரணமே இல்லாமல் விழுகின்றன. இப்படியெல்லாம் நடந்தால் முதலில் ரேமைத்தான் சந்தேகப்பட வேண்டும். விண்டோஸை மறுபடி இன்ஸ்டால் செய்வதெல்லாம் அப்புறம். ரேமைச் சோதிக்க இலவசமாகக் கிடைப்பவற்றில் மூன்றை இங்கே பார்க்கலாம். மூன்றும் விண்டோஸ் ஏறுவதற்கு முன்பே ஓடுபவை. விண்டோஸ் ஓடிக்கொண்டிருந்தால் அது பிடித்து வைத்திருக்கும் ரேமை முழுதாகச் சோதிக்க வழியில்லை.

விண்டோஸ் மெமரி டயக்னாஸ்டிக் விஸ்டா காலத்திலிருந்தே உள்ளே இருக்கிறது. ஸ்டார்ட் மெனுவில் தேடித் திறந்து, ரீஸ்டார்ட் கொடுத்தால் போதும். ஓடத் தொடங்கியதும் எஃப்1 அழுத்தி 'எக்ஸ்டெண்டட்' முறைக்கு மாற்றிவிடுங்கள். தானாக வரும் 'ஸ்டாண்டர்ட்' மேலோட்டமானது. முடிந்து விண்டோஸ் திறந்ததும் முடிவு அறிவிப்பாக வர வேண்டும். வராவிட்டால் ஈவென்ட் வியூவரில் 'சிஸ்டம்' பதிவுக்குள் போய்த் தேட வேண்டும். அங்கேயும் கோளாறு உண்டா இல்லையா என்பது மட்டும்தான் இருக்கும், ரேமுக்குள் எந்த முகவரியில் (இடத்தில்) என்ற விவரம் இருக்காது. இது பிழை காட்டினால் நம்பலாம். 'பிழை இல்லை' என்றால் நான் நம்ப மாட்டேன்.

மற்ற இரண்டும் பங்காளிகள். 1994-இல் கிறிஸ் பிராடி எழுதிய மெம்டெஸ்ட்86-தான் மூலம். அதிலிருந்து 2004-இல் பிரிந்தது மெம்டெஸ்ட்86+. மூலம் 2013-இல் பாஸ்மார்க் நிறுவனத்தின் கைக்குப் போனது. பிளஸ் இன்றும் திறந்த மூலம், அதாவது அதன் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். பல வருடங்கள் தூங்கிக் கிடந்த பிளஸ், 2022-இல் 6.00 பதிப்பாகப் புதிதாக எழுதப்பட்டு யுஇஎஃப்ஐ (கணினியைத் தொடங்கிவைக்கும் பழைய பயாஸின் இடத்துக்கு வந்த புதிய முறை) ஆதரவோடு வந்தது.

இரண்டுக்கும் ஒரு பென் டிரைவ் வேண்டும், அதில் உள்ளதெல்லாம் அழிந்துவிடும். பாஸ்மார்க்கின் ஜிப்பிலேயே எழுதும் கருவியும் இருக்கிறது. மவுஸால் இயக்கலாம், ரோஹேமர் சோதனையும் (ரேமின் ஒரு வரிசையைத் திரும்பத் திரும்ப அணுகி, பக்கத்து வரிசை கெடுகிறதா என்று பார்ப்பது) உண்டு. ஆனால் இலவசப் பதிப்பு நான்கு சுற்றோடு நின்றுவிடும், பழைய பயாஸ் கணினியில் புதிய பதிப்புகள் பூட் ஆகாது. பிளஸ்ஸுக்கு அந்த இரண்டு தடையும் இல்லை. பூட் ஆன சில நொடிகளில் தானாகவே ஓடத் தொடங்கும், நிறுத்தும்வரை ஓடும். எப்போதாவது தலைகாட்டும் பிழையைப் பிடிக்க இரவு முழுக்க ஓடவிடுவதற்கு இதுதான் தோது. நடுவில் கரண்ட் போனாலும் பயமில்லை. ஹார்ட் டிஸ்கை இது தொடுவதில்லை.

பிளஸ்ஸில் சிக்கல் வருவது செக்யூர் பூட்டில், அதாவது நம்பகமான கையொப்பம் உள்ள மென்பொருளை மட்டும் பூட் ஆக விடும் பாதுகாப்பில். பாஸ்மார்க்குடையது மைக்ரோசாஃப்ட் கையொப்பத்தோடு வருவதால் அப்படியே பூட் ஆகும். பிளஸ்ஸுக்குப் பெரும்பாலும் செக்யூர் பூட்டை அணைக்க வேண்டியிருக்கும். அணைத்தால், பிட்லாக்கர் (டிஸ்கைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் வசதி) உள்ள கணினி அடுத்த முறை 48 இலக்க ரெக்கவரி கீ கேட்டு நிற்கலாம். கீயை முதலிலேயே எடுத்து வைத்துக்கொள்ளாமல் பயாஸுக்குள் போகாதீர்கள். ஆகவே விண்டோஸ் 11 லேப்டாப் என்றால் என் ஓட்டு பாஸ்மார்க்குக்கு. அசெம்பிள் செய்த டெஸ்க்டாப், பழைய கணினி, லினக்ஸ் என்றால் பிளஸ்.

ஒரே ஒரு பிழை வந்தாலும் அது பிழைதான், 'ஒன்றுதானே' என்று விடக்கூடாது. ஆனால் உடனே கடைக்கு ஓடவும் வேண்டாம். பயாஸில் எக்ஸ்எம்பி (ரேமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) போட்டிருந்தால் அணைத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள். பிழை மறைந்தால், அந்த வேகத்தைத்தான் கணினி தாங்கவில்லை. மறையாவிட்டால் ஒவ்வொரு ஸ்டிக்காக, ஒரே ஸ்லாட்டில் போட்டுப் பாருங்கள். எல்லா ஸ்டிக்கும் பிழை காட்டினால் ஸ்லாட்டை மாற்றிப் பாருங்கள். போர்டிலேயே பற்றவைத்த ரேம் உள்ள லேப்டாப்பில் இதற்கெல்லாம் இடமில்லை. சிவப்புப் பிழை வரிகளை போனில் படமெடுத்துக்கொண்டு சர்வீஸ் சென்டருக்குப் போக வேண்டியதுதான்.