பாட்டி பெட்டியில் கிடைத்த நாணயம்: யாரிடம் காட்டுவது?

வாலாஜாப்பேட்டையில் பாட்டியின் டிரங்குப் பெட்டியை ஒழித்தபோது, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றிலிருந்து வெள்ளி நாணயம் ஒன்று கிடைத்தது. தடிமனாகவும் வட்டம் கோணியும் இருந்த அதன் இரு புறமும் பாரசீக எழுத்துகள் இருந்தன. ஆனால் எந்த வரியும் முழுமையாக இல்லாமல் விளிம்போடு வெட்டுப்பட்டு நின்றது. ‘நவாப் கொடுத்த காசு’ என்பது வீட்டுப் பேச்சு. அதன் மதிப்பை அறிய நகைக்கடை, கைபேசி, அருங்காட்சியகம், நாணய வியாபாரி என நான்கு வழிகளிலும் போய்ப் பார்த்த பிறகு, அவற்றை ஒப்பிட்டு எழுதுவது இதுபோன்ற நாணயம் கையில் இருப்பவர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

முதலில் போனது வேலூரில் ஒரு நகைக்கடைக்கு. தராசில் வைத்ததும் 11.4 கிராம் காட்டியது. நான் தடுப்பதற்குள் கடைக்காரர் விளிம்பை உரைகல்லில் ஓர் இழுப்பு இழுத்து, நல்ல வெள்ளிதான் என்று சொல்லி, எடைக்கு விலை கூறினார். அவர் பொய் சொல்லவில்லை. அவருடைய தொழிலில் அதுதான் கேள்வி, அதுதான் விடை. ஆனால் கறுத்துப்போன விளிம்பில் அந்த இடம் மட்டும் இன்றும் பளபளவென்று ஒரு கோடாக நிற்கிறது. சேகரிப்பாளர் பார்வையில் அது காயம். எடையையும் உலோகத்தையும் அறிய நகைக்கடை போதும் என்றாலும், உரசக் கூடாது, அமிலம் வைக்கக் கூடாது என்று முன்பே சொல்லிவிடுவது நல்லது. புளி போட்டுத் தேய்த்துப் பளபளப்பாக்கி எடுத்துச் செல்வதோ அதைவிடப் பெரிய தவறு. காலம் ஏற்றிய மேற்பூச்சு போய்விட்டால் திரும்ப வராது, விலையும் இறங்கிவிடும்.

எடையும் காந்தமும் வீட்டிலேயே பாதி வேலையைச் செய்துவிடும். 1835 முதல் 1939 வரையிலான ஆங்கிலேயர் கால ஒரு ரூபாய் 11.66 கிராம் எடையும் ஏறத்தாழ 92 விழுக்காடு வெள்ளியும் கொண்டது. 1940 முதல் 1945 வரை வெள்ளி பாதிதான். புலி உருவம் போட்ட 1947ஆம் ஆண்டு ரூபாயை வெள்ளி என்று பத்திரப்படுத்தியிருப்பவர்கள் உண்டு. அது நிக்கல், காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும்.

கைபேசி வழியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. வைஷ்ணோதேவி உருவம் கொண்ட ஐந்து ரூபாய்க்கு லட்சக்கணக்கில் விலை என்று காணொளி போடுபவர், அடுத்து ‘பதிவுக் கட்டணம்’ கேட்பார். பழைய நாணயங்களை வாங்கி விற்பதில் தனக்குத் தொடர்பில்லை, அதற்காகக் கட்டணம் எதையும் தான் கேட்பதில்லை என்று ரிசர்வ் வங்கியே 2021இல் அறிவித்திருக்கிறது. ராமர் பட்டாபிஷேகம் பொறித்து ‘ஒரு அணா 1818’ என்று வரும் செப்பு வில்லைகளும் இப்படித்தான். கிழக்கிந்தியக் கம்பெனி அப்படி ஒரு நாணயத்தை அடித்ததே இல்லை. அரிசியைத் தன் பக்கம் இழுக்கும் அதிசயக் காசு என்று யாராவது ஆரம்பித்தால், எழுந்து வந்துவிடலாம்.

எனக்கு உண்மையில் பயன்பட்டவை மற்ற இரண்டும்தான். வேலூர்க் கோட்டைக்குள் இருக்கும் அரசு அருங்காட்சியகத்தில் விலையை எதிர்பார்த்துப் போகக் கூடாது. ‘இது என்ன’ என்ற கேள்வியோடு போக வேண்டும். அடிக்கும் அச்சு பெரியதாகவும் அடிபடும் வெள்ளி வில்லை சிறியதாகவும் இருந்ததால்தான் எழுத்துகள் வெளியே போய்விட்டன என்பதும், அது பிழை நாணயம் இல்லை, அந்தக் கால வழக்கமே அப்படி என்பதும் அங்கே விளங்கியது. எழுத்துகளுக்கு இடையே சிறிய தாமரைக் குறி ஒன்று இருந்தது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி அடித்த ஆற்காடு ரூபாயின் அடையாளம் அது. பிறை இருந்தால் புதுச்சேரியில் பிரெஞ்சுக்காரர்கள் அடித்தது. பொறித்திருக்கும் பெயர் முகலாயப் பேரரசர் இரண்டாம் ஆலம்கீருடையது. ஹிஜ்ரி 1172 (கி.பி. 1758-59) என்ற ஆண்டை, அவர் மறைந்து பல பத்தாண்டுகள் ஆன பின்பும் மாற்றாமல் அடித்துக்கொண்டே இருந்தார்கள். ஆற்காட்டின் பெயரைத் தாங்கியிருந்தும் ஆற்காட்டில் அடிக்கப்படாத காசு, எங்கள் பாட்டியின் முடிச்சுக்கு வந்து சேர்ந்திருக்கிறது. நவாப் கதையைக் கைவிட வீட்டில் இன்னும் யாருக்கும் மனமில்லை.

என்ன நாணயம் என்று தெரியாமல் வியாபாரியிடம் போவது, நோய் தெரியாமல் மருந்துக்கடைக்குப் போவதைப் போன்றது. தெரிந்துகொண்டு போனால் பேச்சே மாறிவிடுகிறது. சென்னையில் நடக்கும் நாணயக் கண்காட்சியில் ஒரே கூடத்தில் மூன்று மேசைகளில் காட்டினேன். மூன்று விலை சொன்னார்கள், மூன்றும் நகைக்கடை சொன்னதைவிட அதிகம், ஆனால் கனவு கண்டதைவிட மிகக் குறைவு. ஆற்காடு ரூபாய் ஏராளமாக அடிக்கப்பட்டதால் இன்றும் ஏராளமாகக் கிடைக்கிறது. பழமையும் அருமையும் வெவ்வேறு என்பதற்கு கம்பெனியின் 1808ஆம் ஆண்டுப் பத்துக் காசு நாணயம் நல்ல சாட்சி: அதை ஏற்றி வந்த ‘அட்மிரல் கார்ட்னர்’ கப்பல் 1809இல் இங்கிலாந்துக் கரையோரம் மூழ்கி, 1980களில் காசுகள் குவியலாக மீட்கப்பட்டதால், இருநூறு ஆண்டு கடந்தும் அது மலிவு. 1939ஆம் ஆண்டு ரூபாயோ வயதில் இளையது, கிடைப்பது அரிது. அதனால்தான் அதில் போலிகளும் அதிகம். வியாபாரி சொல்லும் விலை அவர் வாங்கும் விலை என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்; விற்பனை விலையை அறிய, ஏல நிறுவனங்கள் வெளியிடும் முந்தைய ஏல முடிவுகளில் அதே வகை, அதே நிலையில் உள்ள நாணயத்தைத் தேடிப் பார்ப்பதே நம்பகமானது.

உருவம் வித்தியாசமாக இருக்கும் புதிய நாணயங்களுக்கு ஒரு சிறு குறிப்பு. ஒரே உருவம் ஒரு பக்கம் புடைத்தும் மறுபக்கம் குழிந்து இடவலம் மாறியும் இருந்தால், முந்தைய நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொண்டதால் வந்த உண்மையான பிழை அது, சேகரிப்பாளர்கள் விரும்புவார்கள். தட்டையாக நசுங்கி எழுத்து பரவியிருந்தால், காட்பாடி பக்கம் எந்தப் பையனாவது தண்டவாளத்தில் வைத்திருப்பான்.

அடித்தளம் தோண்டும்போது பானையோடு கிடைத்த காசு என்றால் இந்த நான்கு வழிகளுமே பொருந்தாது. பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள புதையலை மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 1878ஆம் ஆண்டின் சட்டம். எங்களுடையது பெட்டியில் கிடைத்ததால் அந்தக் கவலை இல்லை. விற்கவும் இல்லை, உரைகல் கோட்டோடு, இப்போது மஞ்சள் துணிக்குப் பதில் ஒரு காகித உறையில், மேலே ‘தாமரை, சென்னை, 11.4’ என்று பென்சிலால் எழுதி அதே பெட்டியில் வைத்திருக்கிறேன்.